கேடயமா, திட்டமா? எந்த இசெகாயை முதலில் பார்ப்பது

வேறு உலகத்துக்குள் போய் மாட்டிக்கொள்ளும் கதைகளான இசெகாய் அனிமேக்களில் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்குக் கிடைக்கும் பட்டியலில் இரண்டு பெயர்கள் அடிக்கடி பக்கத்துப் பக்கத்தில் வரும். ஒன்று 'தி ரைசிங் ஆஃப் தி ஷீல்டு ஹீரோ', இன்னொன்று 'லாக் ஹொரைசன்'. இரண்டும் இணையத்தில் தொடராக வந்து, பிறகு லைட் நாவலாக (இடையிடையே படங்களோடு வரும் ஜப்பானிய நாவல் வகை) அச்சேறி, அப்புறம் அனிமேவானவை. இரண்டுக்கும் முதல் சீசன் 25 எபிசோடு. வந்தவரை எல்லா சீசன்களையும் கூட்டினாலும் இரண்டும் 62-இல்தான் வந்து நிற்கின்றன. இரண்டிலும் லெவல், ஸ்கில், பார்ட்டி என்று கேம் வாசனை தூக்கலாக இருக்கும். முக்கியமாக, இரண்டு நாயகர்களுமே எதிரியை வெட்டிச் சாய்க்கும் ஆட்கள் இல்லை. ஷீல்டு ஹீரோவின் நவோஃபூமி கையில் கேடயம் மட்டும்தான். லாக் ஹொரைசனின் ஷிரோயே சண்டையில் பின்வரிசையில் நின்று மற்றவர்களுக்குத் துணை மந்திரம் போடுகிறவன். ஒருவன் காப்பவன், ஒருவன் திட்டமிடுகிறவன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு சீசனுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஷீல்டு ஹீரோ. இரண்டு சீசன், 50 எபிசோடு வரை உட்காரத் தயார் என்றால் யோசிக்காமல் லாக் ஹொரைசன். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதற்குக் காரணம் அந்த இரண்டு பொறுப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. காப்பவனின் கதைக்கு யாராவது அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அடி நின்றால் கதையும் தளர்ந்துவிடும். திட்டமிடுகிறவன் ஒரு சிக்கலை அவிழ்த்தால் அதிலிருந்தே அடுத்த சிக்கல் முளைக்கும். (இனி வரும் பத்திகளில் இரண்டு தொடர்களின் முக்கியமான திருப்பங்களும் வரும், அது வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியோடு பார்க்கப் போய்விடலாம்.)

ஷீல்டு ஹீரோ முதல் சீசன் 2019 ஜனவரியில் தொடங்கி ஜூன் வரை ஓடியது, தயாரித்தது கினிமா சிட்ரஸ். மெல்ரோமார்க் என்ற நாட்டை, அரக்கர்கள் கூட்டமாக வந்து கொட்டும் பேரழிவு அலைகள் தாக்குகின்றன. அதைத் தடுக்க ஜப்பானிலிருந்து நான்கு பேரை வரவழைக்கிறார்கள். வாள், ஈட்டி, வில், கேடயம் என்று ஆளுக்கு ஓர் ஆயுதம், அது கையை விட்டுப் போகாது, வேறு ஆயுதம் எடுக்கவும் முடியாது. கேடயம் கிடைத்த நவோஃபூமிதான் இதில் பாவம். தாக்கும் சக்தி அவனுக்கு ஏறக்குறைய இல்லை, அவனோடு போக ஆளும் இல்லை, கூட வந்த ஒரே பெண் அவன் மீது பொய்ப் பாலியல் புகார் சுமத்துகிறாள். ராஜா முதல் கடைத்தெரு வரை எல்லோரும் அவனை வெறுக்கிறார்கள். அந்தக் கசப்பில் அவன் நாக்குக்கு உணவின் சுவையே தெரியாமல் போகிறது. முதல் எபிசோடே இரண்டு எபிசோடு நீளத்துக்கு இருக்கும், அதைப் பார்த்து முடித்தவர்கள் பெரும்பாலும் அப்படியே நிறுத்த மாட்டார்கள்.

ஆனால் காப்பவன் என்றால் என்ன என்று இந்தத் தொடர் உண்மையிலேயே சொல்வது லூட் கிராமத்தில். நவோஃபூமி சந்திக்கும் முதல் அலை அது. மற்ற மூன்று ஹீரோக்களும் அலையின் மூலத்தைத் தேடி, பெரிய அரக்கனை அடித்துப் பெயர் வாங்க ஓடிவிடுகிறார்கள். பக்கத்திலிருக்கும் ஊரில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு ஒரு கேமின் பின்னணிக் காட்சி மாதிரி. நவோஃபூமிக்கும் அந்த ஊரோடு பெரிய பாசம் ஒன்றும் கிடையாது, அவன் அப்போது யாரையும் நம்பும் நிலையிலும் இல்லை. ஆனாலும் அவனும், அவனோடு சேர்ந்து சண்டையிடும் ரஃப்டாலியா என்ற பெண்ணும் ஊருக்குள் நின்றுவிடுகிறார்கள். அரக்கர்களின் கவனத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஜனங்களை வெளியேற்றுகிறான். கடைசியில் வந்து சேரும் அரண்மனை வீரர்கள், அவன் நடுவில் நிற்கிறான் என்று தெரிந்தே அந்த இடத்தின் மீது நெருப்பு மழை பொழிகிறார்கள். எதிரியும் அடிக்கிறான், சொந்தப் படையும் அடிக்கிறது, இரண்டுக்கும் நடுவில் அந்தக் கேடயம். வெளியே கத்திச் சொல்ல ஆள் இல்லாத ஒருத்தனின் நேர்மையை வசனமே இல்லாமல் காட்டிவிடும் காட்சி அது. இசெகாய் வகையில், அடியைத் தான் வாங்கி மற்றவர்களைக் காக்கும் டேங்க் என்கிற பொறுப்பை இவ்வளவு தெளிவாக விளக்கிய இன்னொரு காட்சி எனக்கு நினைவில் இல்லை.

அதற்கு அடுத்ததாக வரும் ஈட்டி ஹீரோ மோட்டோயாசுவுடனான சண்டையும் முக்கியம். கேடயம் மட்டும் வைத்துக்கொண்டு நேருக்கு நேர் மோதலில் ஜெயிக்க முடியாது என்பதால், தன் அங்கிக்குள் கடித்துப் பிடிக்கும் பலூன் அரக்கர்களை ஒளித்துவைத்து அவன் மேல் ஏவுகிறான். அதாவது காப்பவனுக்கும் மூளை இருக்கிறது, தேவை வந்தால் அவனும் திட்டம் போடுவான். ஜெயிக்கப்போகும் நேரத்தில் கூட்டத்திலிருந்து மறைவாக ஒரு காற்று மந்திரம் வந்து அவனைக் கவிழ்க்கிறது. தோற்று, ரஃப்டாலியாவும் போய்விட்டாள் என்று இருண்டுபோய் நிற்கும்போது அவள் திரும்பி வந்து அவன் பக்கம் நிற்கிறாள். அப்போதுதான் அவள் குழந்தை இல்லை, வளர்ந்த பெண் என்பதே அவன் கண்ணுக்குத் தெரிகிறது. இவ்வளவு நாளும் யாரைக் காத்துக்கொண்டிருந்தானோ அவள் முகத்தை அவன் சரியாகப் பார்க்கவே இல்லை. நாக்கில் சுவையும் திரும்புகிறது. நான்காவது எபிசோடுக்குள் இவ்வளவும் நடந்துவிடும்.

குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரஃப்டாலியாவை அவன் அடிமையாகத்தான் விலைக்கு வாங்குகிறான். கதை அதை அவனுடைய கசப்பின் விளைவாகக் காட்டுகிறது, சரி, ஆனால் விடுதலை கிடைத்த பிறகும் அவளே விரும்பி அடிமை முத்திரையை மறுபடி போட்டுக்கொள்வது போல அமைத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. காப்பது என்ற நல்ல விஷயத்தோடு உடைமை என்ற கெட்ட விஷயத்தைக் குழப்பிவிடுகிறார்கள். பொய்ப் புகாரைக் கதையின் முதல் நெம்புகோலாக வைத்திருப்பதும் பலருக்கு இடிக்கும், அவர்கள் அதோடு நிறுத்திவிட்டால் அதில் தவறே இல்லை. இது உங்களுக்குத் தாங்காது என்று தோன்றினால் நேராக லாக் ஹொரைசனுக்குப் போய்விடுங்கள், நான் சொன்ன நேரக் கணக்கெல்லாம் அப்போது பொருட்டே இல்லை.

லாக் ஹொரைசன் 2013 அக்டோபரில் ஜப்பானின் என்எச்கே கல்வி சேனலில் தொடங்கியது, முதல் சீசன் சாட்டிலைட் ஸ்டூடியோ. எல்டர் டேல் என்ற ஆன்லைன் கேமுக்குள் ஜப்பானில் மட்டும் 30,000 பேர் ஒரே நாளில் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கே யாரும் நிரந்தரமாகச் சாவதில்லை, செத்தால் கோயிலில் மறுபடி எழுந்துவிடலாம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதுதான் சிக்கலே. சாவு பயம் இல்லை, சட்டம் இல்லை, வீட்டுக்குப் போக வழி இல்லை, எந்தச் சாப்பாட்டை எடுத்து வாயில் வைத்தாலும் ஒரே மாதிரி சப்பென்று இருக்கிறது. மெல்ல மெல்ல அகிஹபாரா நகரம் அழுக ஆரம்பிக்கிறது. வழிப்பறிக்காகவே ஆட்களைக் கொல்கிறார்கள். ஹாமெலின் என்ற கில்டு (விளையாட்டாளர்கள் சேர்ந்து அமைக்கும் குழு) புதிதாக வந்த சின்னப் பிள்ளைகளை அடைத்துவைத்து, அவர்களுக்குக் கிடைக்கும், லெவலை வேகமாக ஏற்றும் அனுபவ மருந்தைப் பிடுங்கி விற்கிறது.

இந்த இடத்தில் நவோஃபூமி இருந்திருந்தால் ஹாமெலின் வாசலில் போய் நின்றிருப்பான். அந்தப் பிள்ளைகளில் சிலரை அவன் வெளியே கொண்டுவந்திருப்பான் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஷிரோயேக்கு அது போதவில்லை. ஹாமெலின் போனால் இன்னொரு கில்டு வரும், சட்டமே இல்லாத ஊரில் ஒரு வாசலை மட்டும் காத்து என்ன ஆகப்போகிறது?

அவன் போடும் திட்டம் ஒரு பர்கர் கடையில் ஆரம்பிக்கிறது. சமையல் திறன் உள்ளவர்கள் மெனுவைத் தட்டாமல் கையால் சமைத்தால் உணவுக்கு ருசி வருகிறது என்று அவனுடைய கூட்டாளி நியான்டா கண்டுபிடித்திருக்கிறார். அந்த ரகசியத்தை வைத்து, தோழி மாரியெல்லின் சின்ன கில்டு மூலம் அகிஹபாராவில் கடை போடுகிறார்கள், ஊரே வரிசையில் நிற்கிறது. அந்த வரவேற்பைக் காட்டிப் பெரிய உற்பத்தி கில்டுகளிடம் முதலீடாக 50 லட்சம் தங்க நாணயம் வரை திரட்டுகிறான். அதை வைத்து ஆள் சேர்த்துப் படை கட்டுவான் என்று பார்த்தால், ஊரின் கில்டு மையக் கட்டடத்தையே விலைக்கு வாங்கிவிடுகிறான்! யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று தீர்மானிக்கும் உரிமை இப்போது அவன் கையில். எல்லா கில்டுகளின் அறையும் பெட்டகமும் அதற்குள்தான் இருக்கின்றன. அப்புறம்தான் பெரிய கில்டுகளின் தலைவர்களை ஒரே மேசைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஊருக்கு ஒரு நிர்வாகம் வேண்டும், நாம் சேர்ந்து அமைப்போம் என்கிறான். அதே நேரத்தில் ஹாமெலினின் ஆட்களுக்குக் கதவு மூடப்படுகிறது, பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். இதில் ஒரு வாள்வீச்சுகூட இல்லை. நான்கைந்து எபிசோடுகள் பேச்சும் பணமும் நம்பிக்கையும்தான், ஆனாலும் சண்டைக்காட்சியைவிடப் படபடப்பாக இருக்கும்.

இதில் எனக்குப் பிடித்தது ஷிரோயே நல்லவன் வேஷம் போடாததுதான். அவன் செய்தது மிரட்டல். கட்டடத்தின் சாவியைக் காட்டித்தான் எல்லோரையும் உட்காரவைத்தான், அது அவனுக்கும் தெரியும், மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்கும் தெரியும். கண்ணாடி போட்ட வில்லன் என்று கூட்டாளிகளே அவனைக் கூப்பிடுவார்கள். அதிகாரம் கையில் வந்ததும் அவன் கேட்டது தனக்காக அல்ல என்பதில்தான் கதையின் நியாயம் நிற்கிறது.

இனி விலை. நவோஃபூமி கொடுக்கும் விலை உடம்பில் தெரியும். கோபத்தின் கேடயத்தை எடுத்தால் அது அவனையே எரிக்கிறது, மெல்ரோமார்க்கின் மதத்தலைவரான போப்புடனான சண்டையில் பயன்படுத்தும் சாபத் தாக்குதலுக்குப் பிறகு வெகுகாலம் அவன் பலமே குன்றிப்போகிறது. பார்க்கிறவர்களுக்கு உடனே மனசு இரங்கும். ஷிரோயேயின் விலை அப்படித் தெரியாது. யாரோடு பேசினாலும் இவனை எப்படிப் பயன்படுத்தலாம் என்று மூளை ஓடும், தன்னையும் பிறர் அப்படித்தான் பயன்படுத்துவார்கள் என்று பயந்து பல வருடம் எந்த கில்டிலும் சேராமலே இருந்தவன். ஆகவே அவனோடு ஒட்டிக்கொள்ள நேரம் எடுக்கும். முதல் மூன்று எபிசோடுகளில் இவன் என்ன இவ்வளவு யோசிக்கிறான் என்று சலிப்பு வந்தால் அது இயல்புதான்.

லாக் ஹொரைசனில் காப்பவனும் இருக்கிறான் என்பதை ஒப்பிடுகிறவர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். ஷிரோயேயின் நண்பன் நவோட்சுகு கார்டியன் வகுப்பைச் சேர்ந்தவன், கனமான கவசம், பெரிய கேடயம். ஆங்கர் ஹவுல் என்று ஒரு முழக்கம் போட்டால் சுற்றியுள்ள எதிரிகள் அவனை விட்டு விலக முடியாது. ஷிரோயேயின் வகுப்பான என்சான்டருக்கு எல்டர் டேலில் மதிப்பே கம்மி, தனியாக அடித்தால் வலிக்காது. முன்னால் நவோட்சுகு நிற்கிற தைரியத்தில்தான் அவன் முழுச் சண்டையையும் கணக்குப் போட முடிகிறது. எதிரி மீது முள்கொடி மந்திரத்தைக் கட்டிவிடுவான், நியான்டா அதை வெட்டும்போது காயம் பல மடங்காகும். தான் அடிப்பதில்லை, அடிப்பவனின் அடியைப் பெரிதாக்குகிறான். ஷிரோயே கோபமும் குழப்பமுமாக இருக்கும் நேரத்தில் ஒரு அசட்டு ஜோக் அடித்து அவனை மனிதனாக வைத்திருப்பதும் நவோட்சுகுதான், அந்த வேலையையும் நான் காவலில்தான் சேர்ப்பேன். அவனுடைய ஜோக்குகளில் பல மட்டமானவை என்பது வேறு விஷயம்.

இப்போது முதலில் சொன்ன இடத்துக்கு வருகிறேன், ஜெயித்த பிறகு என்ன ஆகிறது? ஷீல்டு ஹீரோவில் 21-ஆவது எபிசோடு வாக்கில் ராணி திரும்பி வந்து விசாரணை நடத்துகிறாள், நவோஃபூமி குற்றமற்றவன் என்று ஊரறிய நிரூபணமாகிறது. கைதட்டத் தோன்றும் எபிசோடு. ஆனால் அதற்குப் பிறகு தொடருக்கு மூச்சு வாங்குகிறது. அவனை வெறுத்த உலகம்தான் அவன் நின்றதற்கு அர்த்தம் கொடுத்தது, இப்போது எல்லோரும் மதிக்கிறார்கள், அவனும் வழக்கமான இசெகாய் நாயகன் மாதிரி ஆகிவிடுகிறான். 2022-இல் வந்த இரண்டாம் சீசன் 13 எபிசோடுதான். மலை போன்ற ஆவி ஆமையை வைத்துப் பெரிதாக ஏதோ செய்ய முயன்று, அவசரமாக ஓடி, புதிய ஆட்கள் யார் என்று மனசில் பதிவதற்குள் வேறு உலகத்துக்குப் போய்விடுகிறது. 2023-லும் 2025-லும் வந்த அடுத்த சீசன்களில், ரஃப்டாலியாவின் சொந்த ஊரைத் திரும்பக் கட்டி அடிமைகளாக விற்கப்பட்டவர்களைத் தேடிக் கொண்டுவரும் பகுதிகளில், பழைய நவோஃபூமி கொஞ்சம் தெரிகிறான். மறுபடி காக்க ஆள் கிடைத்துவிட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

லாக் ஹொரைசனில் வட்டமேசை என்ற அந்த நிர்வாகக் குழு அமைந்தது முதல் சீசனின் பாதிக்கு முன்பே. சரி, ஊருக்கு நிர்வாகம் வந்துவிட்டது, இனி என்ன? பக்கத்தில் இதே உலகத்தில் பிறந்து வளர்ந்த மண்ணின் மக்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு மறுபிறவி கிடையாது. அவர்களோடு ஒப்பந்தம் போட வேண்டும், கோப்ளின் படை வந்தால் செத்துப் பிழைக்கிற நாம் யாருக்காகப் போய்ச் சண்டை போடுவது என்று முடிவெடுக்க வேண்டும். இதற்கிடையில் ஒவ்வொரு முறை சாகும்போதும் பழைய உலக நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது என்று தெரியவருகிறது. ஷிரோயே இதைத் தெரிந்துகொண்டு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தவிப்பது, திட்டமிடுகிறவன் எவ்வளவு தனியாள் என்பதைக் காட்டும் இடம். ருண்டெல்ஹவுஸ் என்ற மண்ணின் மைந்தன் தோழர்களைக் காக்கப் போய் உயிரை விடும்போது, ஷிரோயே ஒரு ஒப்பந்தத்தை எழுதி அவனைச் சாகசக்காரனாகவே, அதாவது தங்களைப் போலச் செத்தாலும் எழுகிறவனாகவே மாற்றி மீட்கிறான். பேனா பிடித்தவன் கேடயமாக நின்ற எபிசோடு அது. முதல் சீசனின் உச்சம் எது என்று கேட்டால் கில்டு மைய விவகாரத்தோடு இதையும்தான் சொல்வேன்.

இரண்டாம் சீசன் 2014-15, ஸ்டூடியோ டீனுக்கு மாறியது. படத்தரம் கொஞ்சம் இறங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியும், அதற்காக விட்டுவிடாதீர்கள். வட்டமேசைக் கூட்டத்தில் ஷிரோயேயின் பேச்சைக் கேட்கப் பிடிக்காமல் ஆரம்பத்திலேயே எழுந்து போன வில்லியம் என்ற கில்டு தலைவன் ஞாபகம் இருக்கட்டும். நகரத்துக்குப் பணம் தேவைப்படும்போது ஷிரோயே அவனிடமே போய், பெரும்படையாகச் சேர்ந்து அடிக்கும் ரெய்டு என்ற சண்டைக்கு உதவி கேட்க வேண்டிவருகிறது. ரெய்டில் மொத்தப் படையும் தரைமட்டமாகிறது, ஷிரோயேயின் கணக்கு பொய்த்துப்போகிறது, நொறுங்கிக் கிடக்கும் ஆட்களிடம் வில்லியம் பேசுகிறான். தான் வாழ்க்கையில் வேறு எதிலும் திறமை இல்லாதவன், இந்த விளையாட்டில்தான் தனக்கு நண்பர்கள் கிடைத்தார்கள், தோற்றாலும் இதை விடப்போவதில்லை என்கிற ரீதியில் போகும் அந்தப் பேச்சு, ஆன்லைன் கேமில் நேரம் செலவழித்த எவருக்கும் தொண்டையை அடைக்கும். திட்டத்தால் கட்டியதைத் திட்டத்தால் மட்டும் காப்பாற்ற முடியவில்லை என்பதைத் தொடரே ஒப்புக்கொள்கிறது. அதே நேரத்தில் ஷிரோயே இல்லாத அகிஹபாராவில் ஒரு கொலைகாரன் திரிய, ஷிரோயேயின் தோழி அகாட்சுகியும் மற்ற பெண்களும்தான் ஊரைக் காக்கிறார்கள்.

மூன்றாம் சீசன் 2021-இல் 12 எபிசோடு. வட்டமேசையின் சிதைவுதான் அதன் கருவே. அரசியல் பேச்சு அதிகம், வேகம் கம்மி. முதல் இரண்டு சீசன் பிடித்தவர்கள் மட்டும் போனால் போதும்.

வேறு பெயர்களும் காதில் விழும். 'நோ கேம் நோ லைஃப்' திட்டமிடுகிறவர்களின் கதைதான், 2014-இல் மேட்ஹவுஸ் செய்த 12 எபிசோடு, எல்லாத் தகராறும் விளையாட்டால் தீர்க்கப்படும் உலகம். புத்திசாலித்தனமான ஆட்டங்கள், கண்ணைப் பறிக்கும் நிறங்கள். ஆனால் அதன் நாயகர்களான சோராவும் ஷிரோவும் தோற்கவே மாட்டார்கள் என்பதால் அவர்களுக்காகக் கவலைப்பட ஒன்றும் இல்லை. அதோடு 11 வயதுப் பெண் ஷிரோவைக் காட்டியிருக்கும் விதம் முகம் சுளிக்க வைக்கும், நான் யாருக்கும் முதலாவதாகப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு பொறுப்பையும் ஒரே ஆள் செய்ய வேண்டும் என்றால் 2018-இல் தொடங்கிய 'தட் டைம் ஐ காட் ரீஇன்கார்னேட்டட் அஸ் எ ஸ்லைம்' தொடரின் ரிமுரு இருக்கிறான், மனசுக்கு இதமான தொடர், ஆனால் அவனுக்கு எல்லாமே கொஞ்சம் சுலபமாகக் கைகூடிவிடுகிறது.

எப்படிப் பார்ப்பது என்றால் இப்படி. ஷீல்டு ஹீரோ எடுத்தால் நான்காவது எபிசோடு வரை பாருங்கள், அதற்குள் நவோஃபூமி உங்களைப் பிடித்து இழுக்கவில்லை என்றால் பிறகும் இழுக்க மாட்டான். பிடித்திருந்தால் விசாரணை எபிசோடு வரை ஒரே மூச்சில் போய், மிச்ச நான்கையும் பார்த்து முதல் சீசனோடு நிறுத்திவிட்டு, இரண்டாவதை மனசு கேட்டால் மட்டும் தொடுங்கள். லாக் ஹொரைசனை நான்கோடு எடைபோடாதீர்கள், அது அநியாயம். பத்தாவது எபிசோடு வரை கொடுங்கள், கில்டு மையமும் வட்டமேசையும் அதற்குள் வந்துவிடும். வீட்டில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் கேள்வியே இல்லை, லாக் ஹொரைசன்தான். நவோட்சுகுவின் உள்ளாடை ஜோக்குகளை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.